ரத்தப் பைக்காக ஓடி வருகிறவர்களுக்கு

ஐ.சி.யூ. வாசலிலிருந்து கையில் சீட்டோடு ரத்த வங்கிக்கு ஓடி வருகிற உறவினர்களுக்கு,

ஓர் அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். உங்களை எனக்குக் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கமாகத்தான் தெரியும். நீங்கள் சீட்டை நீட்டுவீர்கள். சீட்டில் உள்ள பெயரும் வார்டும் மாதிரிக் குழாயில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் உங்கள் போன் அடிக்கத் தொடங்கிவிடும். நின்று பேச இருவருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

விபத்துக்கும் அறுவைக்கும் ரத்தம் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறதென்று புரிகிறது. போனதை ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். புரியாமல் தவிப்பவர்கள் நீங்கள். காய்ச்சல் என்று சேர்த்திருப்பீர்கள். அல்லது நிமோனியா, சிறுநீரில் கிருமி, ஆறாத கால் புண். வெட்டுக்காயம் எதுவுமில்லை. ஆனால் சீட்டில் “எஃப்.எஃப்.பி. 4, பிளேட்லெட் 4” என்று, அதாவது உறையவைத்த பிளாஸ்மா நான்கு பை, தட்டணு நான்கு பை என்று இருக்கிறது. நோயின் பெயர் எழுதும் இடத்தில் “செப்சிஸ், டி.ஐ.சி.” என்று அவசரக் கையெழுத்து. சன்னலில் நின்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “ஊசி குத்தின இடத்துலயெல்லாம் ரத்தம் நிக்காம கசியுதுங்கிறாங்க மேடம். கால் விரல்ல ரத்தம் உறைஞ்சு கறுத்துப்போச்சுன்னும் அவங்களேதான் சொல்றாங்க. எதை நம்பறது?”

இரண்டையும் நம்பலாம். ஒரே உடம்பில், ஒரே நாளில், இரண்டும் நடக்கும். அதற்குத்தான் டி.ஐ.சி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: உடம்பெங்கும் ரத்தக் குழாய்களுக்குள்ளேயே ரத்தம் உறைவது. செப்சிஸ் என்பது, கிருமித்தொற்றை எதிர்க்கும் வேகத்தில் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை.

ரத்தம் உறைவது காயத்தை அடைப்பதற்கு என்றுதான் பள்ளியில் படித்தோம். கிருமியைச் சிறைப்பிடிப்பதும் அதே வேலையில் சேர்ந்ததுதான். இதை மனிதரில் பார்ப்பதைவிடக் குதிரைலாட நண்டில் பார்ப்பது எளிது. சுமார் 45 கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கும் இனம் அது. நம் பக்கத்தில் ஒடிசா, வங்காளக் கரைகளில் இருக்கிறது. பெயரில் நண்டு இருந்தாலும் சிலந்தி, தேள் வகைக்குத்தான் நெருக்கம். ரத்தம் நீலம், அதில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால். 1956-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் ஃபிரெடரிக் பாங் என்ற நோயியல் அறிஞர், இந்த உயிரியின் உடம்பில் கடல் பாக்டீரியாவைச் செலுத்தினால் என்ன ஆகிறது என்று எழுதினார். உடம்பு முழுக்க ரத்தம் கூழாக உறைந்து அது செத்துப்போனது. உயிருள்ள கிருமிகூடத் தேவைப்படவில்லை. கொதிக்கவைத்துக் கொன்ற கிருமியின் மேலுறையில் இருக்கும் நச்சே போதுமாக இருந்தது. 1964-ல் அவரும் ஜாக் லெவினும், அந்த ரத்த அணுக்களின் சாற்றைக் குழாயில் எடுத்துக்கொண்டு, துளி நச்சு பட்டாலே சாறு கட்டியாவதைக் காட்டினார்கள். தடுப்பூசியிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும் கிருமி நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அதிலிருந்து பிறந்ததுதான். உங்கள் நோயாளிக்கு ஏறிக்கொண்டிருக்கும் பாட்டில் அப்படிப்பட்ட சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

அந்த உயிரிக்கு ஓட்டில் சிறு விரிசல் விழுந்து கிருமி நுழைந்தால், அந்த இடத்தில் மட்டும் ரத்தம் உறைந்து கிருமியைக் கட்டிப்போடும். அது நல்லது. கிருமி உடம்பெங்கும் பரவிவிட்டால் அதே வேலை உடம்பெங்கும் நடக்கும். அங்கேதான் வினை.

நமக்கும் அப்படித்தான். கிருமியையோ அதன் நச்சையோ கண்ட வெள்ளணுக்கள் உறைதலைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் நீட்டுகின்றன. சில வெள்ளணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே விசிறிக் கிருமிகளைப் பிடிக்கின்றன. இது 2004-ல்தான் தெரியவந்தது. அந்த வலையிலும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு உறையத் தொடங்கும். எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் இயற்கைத் தடுப்புகள் சில ரத்தத்தில் உண்டு. கடுமையான தொற்றில் அவை தீர்ந்துபோகின்றன. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாடும் செப்சிஸில் முடங்கிவிடும். விளைவு, சிறுநீரகம், நுரையீரல், தோல், விரல் நுனி என்று முடியளவு குழாய்களில் எல்லாம் நுண்கட்டிகள். சிறுநீர் குறைவதிலும் மூச்சு வாங்குவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

இத்தனை கட்டிகளுக்கும் சரக்கு எங்கிருந்து வரும்? ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களும் ஃபைப்ரினோஜன் முதலான உறைபொருள்களும்தான் செலவாகின்றன. திருவிழா பந்தோபஸ்துக்கென்று ஸ்டேஷனில் உள்ள அத்தனை போலீஸையும் தெருத்தெருவாக நிறுத்திவிட்டால், புகார் கொடுக்கப் போகிறவருக்கு ஸ்டேஷனில் ஆள் இருக்காது. ஊசி குத்திய இடம், ஈறு, சிறுநீர்க் குழாய் என்று உண்மையிலேயே அடைப்பு தேவைப்படுகிற இடத்துக்கு அப்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை. உறைந்து உறைந்து தீர்ந்ததால் வந்த கசிவு அது. செவிலியர் ஊசியைத் தப்பாகக் குத்திவிட்டார் என்று வார்டில் சண்டைக்குப் போகாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசியும் போட்டுக்கொண்டு, உறைய வைக்கப் பிளாஸ்மாவும் கேட்கிறார்களே என்று உங்களில் சிலர் என்னிடம் சந்தேகமாகக் கேட்பதுண்டு. ரத்தக் கசிவு இல்லாத நாளில் குறைந்த அளவு ஹெபாரின் தருவார்கள். படுத்தே கிடப்பவருக்குக் காலில் பெரிய கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கசிவு தொடங்கினால் நிறுத்திவிட்டு எங்களிடம் சீட்டு அனுப்புவார்கள். திங்கள்கிழமை ஒன்று, புதன்கிழமை இன்னொன்று என்று மாறுவது குழப்பத்தால் அல்ல. நோயே அப்படி மாறுகிறது.

இனி பிளேட்லெட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு மழைக்காலமும் டெங்கு வந்து நமக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போய்விட்டது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, “கவுண்ட் எவ்வளவு?” என்றுதான் போனில் கேட்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலை, ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் வாட்ஸ்அப்பில் அவசரச் செய்தி. டெங்குவிலேயேகூட இந்த ஓட்டம் தேவையற்றது. கவுண்ட் 20,000-க்கு இறங்கியும் ரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றிப் பார்த்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஏற்றியதால் கசிவு குறையவில்லை.

செப்சிஸில் இன்னும் கறாரான கணக்கு. கசிகிறது, கவுண்ட் 50,000-க்குக் கீழே என்றால் ஏற்றுவோம். கசியவில்லை என்றால் 10,000, 20,000 வரையிலும் பொறுத்திருப்பார்கள். சாதாரணமாக ஒரு பை பிளேட்லெட் பெரியவர் ஒருவருக்கு 5,000 முதல் 10,000 வரை கவுண்டை ஏற்றும். டி.ஐ.சி. மும்முரமாக நடக்கிற உடம்பில், ஏற்றிய பிளேட்லெட்டும் போய் அதே கட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். மாலையில் ஏற்றியது காலை ரிப்போர்ட்டில் காணாமல் போயிருக்கும். “நேத்து நாலு பை குடுத்தீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?” என்று ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே எரிகிற தொற்று அணையாதவரை நாங்கள் கொடுப்பது தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நான் இந்த மடலில் சொல்ல நினைத்தது இதைத்தான். பை அவகாசம் வாங்கிக் கொடுக்கும், நோயைத் தீர்க்காது. தொற்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குரிய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து, சீழ் இருந்தால் வெளியேற்றி, அழுகிய திசு இருந்தால் வெட்டி எடுத்தால்தான் இந்த உறைதல் நிற்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த முதல் 1 மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அடுத்து வந்த ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைப்பவர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் சரிந்தது.

உறைதலையே நேரடியாகத் தடுக்க மருந்து இல்லையா என்று படித்த உறவினர்கள் கேட்பார்கள். முயன்று பார்க்காமலில்லை. செப்சிஸில் தீர்ந்துபோகும் இயற்கைத் தடுப்புகளில் ஒன்றான புரோட்டீன் சி-யை மருந்தாக்கி, 2001-ல் ‘சைக்ரிஸ்’ என்ற பெயரில் எலி லில்லி நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் ஆய்வில் இறப்பு விகிதத்தை 30.8 சதவீதத்திலிருந்து 24.7-க்குக் குறைத்திருந்தது. ஒரு நோயாளிக்கு ஆன செலவு ஆறாயிரம் டாலருக்கு மேல். பத்து ஆண்டு கழித்து மறுபடி ஆய்வு செய்தபோது பலன் எதுவும் தென்படவில்லை, 2011 அக்டோபரில் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில், உள்ளே ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் டி-டைமர் பரிசோதனையின் பெயர் வீட்டுக்கு வீடு புழங்கியது நினைவிருக்கும். அப்போதும் முழு அளவு ஹெபாரின், வார்டில் இருந்தவர்களுக்கு ஓரளவு உதவியது, ஐ.சி.யூ. வரை போய்விட்டவர்களுக்கு உதவவில்லை. 2021-ல் வெளியான ஆய்வுகள் இவை. ஜப்பானில் மட்டும் வேறு சில மருந்துகளை வழக்கமாகக் கொடுக்கிறார்கள். மற்ற நாடுகள் தயங்குகின்றன. எனவே யாராவது ஒரு விலை உயர்ந்த ஊசியின் பெயரைச் சொல்லி நகையை அடகு வைக்கச் சொன்னால், ஐ.சி.யூ. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

தொற்றின் மூலத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலைதானே என்பீர்கள். ஆமாம். ஆனால் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். அவர் பத்து நாளாக எங்கே போனார், எதைச் சாப்பிட்டார், எங்கே புண் வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பைக்காக நீங்கள் ஓடும் வேகத்தில் பாதியாவது இதைச் சொல்வதில் இருக்கட்டும்.

உதாரணத்துக்கு ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். புதர், வரப்பு, புல்வெளியில் புழங்குகிறவர்களுக்கு வரும், வேலூர் பக்கம் நன்றாகவே தெரிந்த நோய். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் என்று ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாது, ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்ட மகளுக்குத் தெரிந்திருக்கும், “ஏதோ சின்னப் புண்” என்று விட்டிருப்பார். ஐ.சி.யூ.வில் வழக்கமாகத் தொடங்கும் பல ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியைத் தொடுவதில்லை. இதைக் கொல்வது சில ரூபாய் விலையுள்ள டாக்சிசைக்ளின். வேலூர் சி.எம்.சி. முன்நின்று இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட நல்லது என்று அது காட்டியது. உலகத்துக்கே பாடம் சொன்ன ஆய்வு. ஆனால் அந்த மருந்தைத் தொடங்க வேண்டுமென்றால் யாருக்காவது சந்தேகம் வர வேண்டும். அந்தச் சின்னப் பொருக்கைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.

மண்ணீரலை எடுத்தவரா என்பது இன்னொன்று. எப்போதோ பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டு எடுத்திருப்பார்கள், வீட்டில் மறந்தே போயிருக்கும். மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் மணிக்கணக்கில் ரத்தம் முழுக்கப் பரவி, தோல் கருநீலமாகிவிடும் அளவுக்கு உறைதலைக் கிளப்பிவிடும். அவர்களை நாய் கடித்தால், லேசாகப் பிறாண்டினாலும், ரேபிஸைத் தவிர நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு பாக்டீரியாவுக்கும் பயப்பட வேண்டும். வயிற்றில் பழைய தழும்பு ஏன் என்று மருத்துவர் கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்ததைச் சொல்லக் கூச்சப்படுவீர்கள், அதனாலேயே எழுதுகிறேன். இளம்பெண் என்றால், அண்மையில் பிரசவமோ கருக்கலைப்போ நடந்ததா என்பதை மறைக்காதீர்கள். மாமியார் எதிரில் சொல்ல முடியாவிட்டால் செவிலியரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கருப்பையில் தங்கிப்போன மிச்சத்திலிருந்து வரும் தொற்றும் டி.ஐ.சி.யில் கொண்டுபோய்விடும். அதை நீக்காமல் எத்தனை பை ஏற்றினாலும் பயனில்லை. ஆண் என்றால் குடி எவ்வளவு என்று உள்ளபடி சொல்லுங்கள். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தப் பரிசோதனை அச்சு அசலாக இதே மாதிரிதான் வரும், வைத்தியம் வேறு. நாள்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும், வைட்டமின் கே ஊசியிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடக்கூடும். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்” என்பது எங்களுக்கு உதவாது.

நம் ஊரில் ரத்தம் உறையாமல் போவதற்கு இன்னொரு முக்கியக் காரணம் கண்ணாடி விரியன் கடி. பரிசோதனைத் தாளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே விஷமுறிவு மருந்துதான் முதல் வைத்தியம், பிளாஸ்மா பிறகு. இரவில் வயலில் ஏதோ குத்தியது, முள்ளாக இருக்கும் என்று நினைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கையில் கொடுத்தனுப்பும் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல மூடி போட்ட குழாய் உறைதல் பரிசோதனைக்கு. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும். அதற்கு ஒன்பது பங்கு ரத்தம் என்று கணக்கு, கோடு வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ரிப்போர்ட் தப்பாக வரும், ஆய்வகத்தில் திருப்பி அனுப்புவார்கள். உங்களை அலைக்கழிப்பதற்காக இல்லை. வழியில் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்மா கேட்டால் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோமே, ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அது கல்லாக உறையவைத்த பை. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் மெதுவாக இளக வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் நீங்கள் கேட்டு வந்த உறைபொருளே கெட்டுவிடும். இளகியதும் வைக்கோல் நிறத்தில் தெளிந்து வரும். அதை வார்டில் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் நேரே செவிலியர் கையில் கொடுங்கள். பிளேட்லெட் பை இதற்கு நேரெதிர்: குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, அறை வெப்பத்தில் ஓயாமல் ஆடும் தட்டில்தான் வைத்திருப்போம், ஆயுள் 5 நாள். “ஸ்டாக் இல்லை” என்று நான் சொல்லும்போது எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு வேடிக்கையும் உண்டு. சிவப்பணுவை எல்லோருக்கும் கொடுக்கக்கூடியவர் ஓ நெகட்டிவ்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்மாவில் அந்த இடம் ஏ.பி. வகைக்கு. ஆகவே சீட்டில் இருக்கும் வகைக்கு வேறு வகைப் பையை நான் எடுத்துக் கொடுத்தால் பதறாதீர்கள், கேளுங்கள், சொல்கிறேன்.

கறுத்த விரல்களைப் பற்றி ஒன்று. தொற்று அடங்கத் தொடங்கினால் தட்டணுக்கள் தாமாகவே சில நாள்களில் ஏறிவிடும். எங்களிடம் சீட்டு வருவது நிற்பதை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். விரல்கள் அப்படி இல்லை. பிழைத்து எழுந்த பிறகும் நுனிகள் கறுத்தே இருக்கலாம். உடனே வெட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், வெட்டவே கூடாதென்றும் சண்டை போடாதீர்கள். எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்ற எல்லை தானாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காயவைத்துப் பாதுகாப்பார்கள். முதல் நாள் முழு விரலும் போய்விடும் என்று தோன்றியது கடைசியில் நகக்கண்ணோடு நின்றதும் உண்டு. அதில் ஈரம் கோத்து நாற்றமடித்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, ரத்தம் கொடுக்க ஆள் அழைத்து வருவதைப் பற்றி. காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. டீக்கடைப் பக்கம் வந்து “ஆள் இருக்கு, எவ்வளவு தருவீங்க” என்று கேட்கிறவரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சொந்தக்காரர்கள் நான்கு பேர் வருகிறார்கள் என்றால் நால்வரையும் ஒரே நாளில் படுக்க வைக்காதீர்கள். பிளேட்லெட்டின் ஆயுளைச் சொன்னேனே, இன்று இரண்டு பேர், நாளை மறுநாள் இரண்டு பேர் என்று வந்தால் எங்களுக்கு வசதி. ராத்திரி தூங்காமல் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவர் கொடுக்க வேண்டாம், மயங்கி விழுவார். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. வெறும் வயிற்றோடு வராதீர்கள். இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.

இப்படிக்கு,
சன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ரத்த வங்கி மருத்துவர்